முதல் சாலை சைக்கிளை மாற்றும் முன் கேட்கவேண்டிய கேள்விகள்

சனி, ஞாயிறு விடியற்காலையில் சாங்கி கடலோரச் சாலை, மண்டாய் சாலை, லிம் சூ காங் பக்கம் போனால் சைக்கிளோட்டிகள் அணி அணியாகச் செல்வதைப் பார்க்கலாம். அவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டு கிருமிப்பரவல் முறியடிப்புக் காலத்தில் உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டபோது முதன்முதலாகச் சாலை சைக்கிள் வாங்கியவர்கள் உண்டு. நண்பர் அழைத்தார் என்று சேர்ந்துகொண்டவர்கள் உண்டு. மருத்துவர் நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றி எச்சரித்த பிறகு தொடங்கியவர்களும் உண்டு.

அப்படித் தொடங்கியவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். “ஆயிரம் வெள்ளிக்கு வாங்கிய இந்த சைக்கிள் இனியும் போதுமா? நாலாயிரம், ஐயாயிரம் வெள்ளி போட்டு நல்லதாக ஒன்று வாங்கிவிடலாமா?” குழுவில் எல்லாரும் கார்பன் ஃபிரேம் வைத்திருக்கும்போது இந்தக் கேள்வி இன்னும் சத்தமாகக் கேட்கும்.

நாலாயிரம் வெள்ளி சிறிய தொகை அன்று. குடும்பத்துடன் ஊருக்குப் போய்வரும் விமானப் பயணச்சீட்டுச் செலவு அது. பிள்ளையின் துணைப்பாட வகுப்புக் கட்டணமாகவும் இருக்கலாம். எனவே அந்தப் பணம் எதை வாங்கித் தரும், எதை வாங்கித் தராது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

தொடக்கநிலை என்றால் என்ன?

பொதுவாக, அலுமினிய ஃபிரேம், பின்சக்கரத்தில் 8 அல்லது 9 பல்சக்கரங்கள், 9.5 முதல் 11 கிலோ வரை எடை. இவை தொடக்கநிலை சாலை சைக்கிளின் அடையாளங்கள். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் தயாரிக்கும் கியர் தொகுதிகளை வைத்துச் சொன்னால், கிளாரிஸ், சோரா ஆகியவை இந்த வகையில் அடங்கும். அதற்கு மேல் டியாக்ரா. அதன் பிறகு வரும் 105 என்ற தொகுதியைப் பலரும் நடுத்தர நிலையின் தொடக்கமாகக் கருதுகிறார்கள். அல்டெக்ரா, டியூரா-ஏஸ் ஆகியவை போட்டியாளர்கள் பயன்படுத்துபவை.

அடுத்த நிலை சைக்கிள்களில் கார்பன் ஃபிரேம், 12 பல்சக்கரங்கள், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், சிலவற்றில் பொத்தானை அழுத்தினால் மாறும் மின்னணு கியர் ஆகியவை இருக்கும். எடை 7.5 முதல் 8.5 கிலோவுக்குள் வரும். அனைத்துலக சைக்கிளோட்டச் சங்கத்தின் போட்டி விதிப்படி சாலைப் பந்தயத்தில் பயன்படுத்தும் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. ஆக, உலகத்தின் முன்னணி வீரர் ஓட்டும் சைக்கிளுக்கும் உங்கள் வீட்டில் நிற்கும் சைக்கிளுக்கும் உள்ள எடை வேறுபாடு மூன்று, நான்கு கிலோதான்.

பணம் கூடினால் வேகம் கூடுமா?

கூடும். ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு அன்று.

70 கிலோ எடையுள்ள ஒருவர், 10 கிலோ சைக்கிளில், காற்றில்லாத நேரத்தில், சமதளச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அவர் கால்கள் ஏறத்தாழ 150 வாட் ஆற்றலைத் தரவேண்டும். அதில் முக்கால் பங்குக்கு மேல் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கே செலவாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி டயர் சாலையில் உருள்வதற்குச் செலவாகிறது. சமதளத்தில் எடையின் பங்கு மிகச் சிறியது.

அதே ஆள் 35 கிலோமீட்டர் வேகத்துக்குப் போக விரும்பினால் ஏறத்தாழ 225 வாட் வேண்டும். வேகம் கூடியது ஐந்து கிலோமீட்டர்தான். உழைப்போ ஒன்றரை மடங்காகிவிட்டது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதே இதற்குக் காரணம். இந்த இடைவெளியை எந்த சைக்கிளாலும் நிரப்ப முடியாது. பயிற்சிதான் நிரப்பவேண்டும்.

காற்று மோதுவது பெரும்பாலும் சைக்கிளின்மீது அன்று, ஓட்டுபவரின் உடல்மீது. அதனால் முழங்கையைச் சற்று மடக்கி, முதுகைத் தாழ்த்தி ஓட்டினால் 30 கிலோமீட்டர் வேகத்தில் 10 வாட் வரை மிச்சமாகும். காற்றில் படபடக்கும் தொளதொளச் சட்டைக்குப் பதிலாக உடலோடு ஒட்டிய சட்டை போட்டாலும் பலன் தெரியும். குழுவில் இன்னொருவருக்குப் பின்னால் நெருங்கி ஓட்டும்போது கிடைக்கும் உதவி இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. முன்னால் இருப்பவர் காற்றைத் தடுப்பதால் பின்னால் வருபவருக்கு உழைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையலாம்.

ஏற்றத்தில் எடை குறைந்த சைக்கிள் உதவாதா என்று கேட்கலாம். உதவும். ஆனால் சிங்கப்பூரின் ஆக உயரமான இடமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டருக்கும் குறைவுதான். மவுண்ட் ஃபேபர் போன்ற சாலைகளில் 60 மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக் கணக்கிட்டால், 200 வாட் ஆற்றலுடன் மிதிப்பவருக்கு சைக்கிளின் எடை 2 கிலோ குறைவதால் மிச்சமாவது ஆறு விநாடி. மலேசியாவின் கெந்திங் மலைபோல 1,000 மீட்டர் ஏறினால், ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் அந்த ஏற்றத்தில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் மிச்சமாகும். போட்டியாளருக்கு அது பெரிது. மேலே போய் தேநீர் குடித்துவிட்டு இறங்குபவருக்கு?

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். விலை உயர்ந்த பந்தய சைக்கிள்களில் கியர் சற்றுக் கடினமாக அமைந்திருக்கும். தொடக்கநிலை சைக்கிள்களில் பின்னால் பெரிய பல்சக்கரம் கொடுக்கிறார்கள். செங்குத்தான ஏற்றத்தில் புதியவரின் முழங்காலுக்கு அதுவே இதமானது.

வேகம் தவிர வேறு என்ன கிடைக்கும்?

மேல்நிலை சைக்கிளின் உண்மையான நன்மைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலாவது பிரேக். இங்கு விடியற்காலையிலேயே சுமத்ரா பக்கமிருந்து பலத்த காற்றும் மழையும் வந்துவிடுவதுண்டு. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்குகள் நனைந்தால், தண்ணீர் வழிக்கப்படும்வரை பிடிப்பு தாமதமாகும். டிஸ்க் பிரேக்கில் அந்தத் தாமதம் மிகக் குறைவு. அதிலும் ஹைட்ராலிக் வகையை ஒரு விரலாலேயே இயக்கலாம். கை சிறியவர்களுக்கும், விரல்களில் வலிமை குறைந்த வயதானவர்களுக்கும் இது பெரிய வேறுபாடு. தொடக்கநிலையில் வரும் டிஸ்க் பிரேக்குகள் பெரும்பாலும் கம்பி இழுத்து இயங்குபவை; அவற்றை அடிக்கடி சரிசெய்யவேண்டும்.

இரண்டாவது கியர். பின்னால் 8 பல்சக்கரங்களுக்குப் பதிலாக 12 இருந்தால் அதிக வேகம் கிடைக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். ஆக வேகமான கியரும் ஆக இலகுவான கியரும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள படிகள்தான் சிறியவையாகின்றன. குழுவில் மற்றவர்களுடன் ஒரே வேகத்தில் நெடுநேரம் போகும்போது கால்களின் தாளம் கெடாமல் இருக்க அது உதவும்.

மூன்றாவது இதம். இன்றைய புதிய ஃபிரேம்களில் 32 மில்லிமீட்டர் அகல டயர்வரை போடலாம். பழைய ரிம் பிரேக் ஃபிரேம்கள் பலவற்றில் 25 அல்லது 28க்கு மேல் இடமில்லை. நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு கைகளும் முதுகும் இந்த வேறுபாட்டைச் சொல்லும்.

நான்காவது மகிழ்ச்சி. அழகான ஒரு பொருளை வைத்திருப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சி உண்மையானதுதான். அதற்காகவே வாங்குவதும் தவறில்லை. “வேகத்துக்காக” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு வாங்குவதுதான் பிறகு ஏமாற்றத்தில் முடியும்.

முதலில் பார்க்கவேண்டியது அளவு

எந்த சைக்கிளாக இருந்தாலும் உடலுக்குப் பொருந்தாவிட்டால் அது நல்ல சைக்கிள் அன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கடையில் எந்த அளவு இருந்ததோ அதையே வாங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இன்றுவரை ஒரு மணி நேரம் ஓட்டினால் விரல்கள் மரத்துப்போகும். கழுத்து வலிக்கும். சிலருக்கு முழங்காலின் முன்பக்கம் வலிக்கும்.

சீட்டின் உயரத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்காருங்கள். பெடலை ஆகக் கீழே கொண்டுவந்து, அதன்மீது குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டிருக்கவேண்டும். அப்படியிருந்தால், வழக்கம்போல் முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கும். அது சரியான தொடக்கம். சீட் மிகத் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடும்.

ஹேண்டில் மிகத் தொலைவில் இருப்பதாகத் தோன்றினால், அதைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாக மாற்றலாம். அதற்குச் சில பத்து வெள்ளிதான் ஆகும். நிபுணரிடம் சென்று உடலளவுக்கு ஏற்ப சைக்கிளைப் பொருத்திக்கொள்ளும் சேவையும் சிங்கப்பூரில் உண்டு. கட்டணம் சில நூறு வெள்ளி ஆகலாம். புதிய சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்வது புத்திசாலித்தனம். வலி போய்விட்டால் பணம் மிச்சம். ஃபிரேமே உங்கள் உடலுக்குப் பெரிது அல்லது சிறிது என்று தெரிந்தால், எந்த அளவு வாங்கவேண்டும் என்ற விவரம் கையில் இருக்கும்.

சிறு செலவில் பெரிய மாற்றம்

“சைக்கிள் முன்புபோல் ஓடவில்லை” என்று தோன்றுவதற்குப் பல நேரங்களில் காரணம் பராமரிப்பின்மை. நம் ஊரின் வெப்பமும் ஈரமும் உலோகத்துக்குப் பகை. ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி பகுதிகளில் உப்புக்காற்று வேறு. ஓட்டுபவரின் வியர்வை ஹேண்டில் தண்டின் திருகாணிகளிலும் அதன்கீழ் இருக்கும் பேரிங்கிலும் வடிந்து துருப்பிடிக்க வைக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுமையாகப் பிரித்துச் சுத்தம் செய்து, கம்பிகளையும் அவற்றின் உறைகளையும் மாற்றினாலே கியர் புதிதுபோல் மாறும்.

செயினைக் கவனியுங்கள். அது தேயத் தேய நீளும். நீளத்தை அளக்கும் சிறு கருவி கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. 10 பல்சக்கரம் வரையுள்ள சைக்கிள்களில் 0.75 விழுக்காடு நீண்டதும் செயினை மாற்றவேண்டும். 11, 12 பல்சக்கரங்கள் என்றால் 0.5 விழுக்காட்டிலேயே மாற்றுவது நல்லது. தள்ளிப்போட்டால் பின்சக்கரப் பற்களும் சேர்ந்து தேய்ந்து செலவு பன்மடங்காகும்.

பராமரிப்புக்கு அடுத்து டயர். தொடக்கநிலை சைக்கிள்களுடன் வரும் டயர்கள் பெரும்பாலும் தடித்தவை, கனமானவை. நல்ல தரமான டயர்களுக்கு மாற்றினால் 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டும் சேர்ந்து 10 வாட்டும் அதற்கு மேலும் மிச்சப்படுத்தலாம். நூறு, இருநூறு வெள்ளியில் கிடைக்கும் இந்தப் பலனை ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் சக்கரங்களும் எளிதில் தருவதில்லை. ஈரச்சாலையில் பிடிப்பும் கூடும்.

காற்றழுத்தமும் முக்கியம். டயர் கல்போல் இருந்தால்தான் வேகம் என்று 110, 120 பிஎஸ்ஐ வரை அடிப்பது பழைய பழக்கம். 28 மில்லிமீட்டர் டயர், 70 கிலோ எடையுள்ளவர் என்றால் 70 பிஎஸ்ஐயை ஒட்டிய அழுத்தமே போதும். குலுக்கல் குறையும், பிடிப்பு கூடும். செலவு எதுவுமில்லை.

இவற்றோடு நல்ல பிரேக் கட்டைகள், உங்கள் இடுப்பெலும்பின் அகலத்துக்கேற்ற சீட், உள்ளே மெத்தை வைத்த அரைக்கால் சட்டை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இத்தனையும் வாங்கினாலும் பெரும்பாலும் ஐந்நூறு, அறுநூறு வெள்ளிக்குள் முடியும். சட்டையும் சீட்டும் பெடலும் நாளை புதிய சைக்கிள் வாங்கினாலும் உங்களுடன் வரும்.

பகுதி பகுதியாக மேம்படுத்தலாமா?

தேய்ந்துபோகும் பொருள்களைத் தரமானவையாக மாற்றுவது நல்லது. ஆனால் 8 பல்சக்கரத் தொகுதியை எடுத்துவிட்டு 12 பல்சக்கரத் தொகுதியைப் பொருத்துவது வேறு கதை. கைப்பிடி, முன்பின் மாற்றிகள், செயின், பின்பற்கள், பெடல்தண்டு என எல்லாமே மாறவேண்டும். 8 முதல் 10 பல்சக்கரத்துக்கான பழைய சக்கர அச்சில் 11 பல்சக்கரச் சாலைத் தொகுதி பெரும்பாலும் உட்காராது. சக்கரத்தையும் மாற்ற நேரிடும். பிரேக்கை ரிம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாற்ற ஃபிரேமே இடம் தராது.

தனித்தனியாக வாங்கும் பாகங்களின் மொத்த விலை, அதே பாகங்களுடன் வரும் முழு சைக்கிளின் விலையை நெருங்கிவிடும். சில நேரம் அதையும் தாண்டிவிடும். பிறகு விற்கப் போனால், வாங்குபவர் ஃபிரேமின் பெயரைப் பார்த்துத்தான் விலை கேட்பார். எனவே டயர், சீட், பிரேக் கட்டைவரை மேம்படுத்தலாம். அதற்கு மேல் ஆசை இருந்தால் பணத்தைச் சேர்த்துவைத்து முழு சைக்கிளாக வாங்குவதே கட்டுப்படியாகும்.

எங்கே ஓட்டுகிறீர்கள், எங்கே வைப்பீர்கள்?

பூங்கா இணைப்புப் பாதைகளிலும் சைக்கிள் பாதைகளிலும் சட்டப்படி மணிக்கு 25 கிலோமீட்டர்தான் உச்சவேகம். நடைபாதையில் 10 கிலோமீட்டர். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி பொங்கோல், ஈசூன், ஈஸ்ட் கோஸ்ட் பாதைகளில் என்றால், வேகமான சைக்கிள் உங்களுக்குச் சட்டப்படி எதையும் கூட்டித் தரப்போவதில்லை. குழந்தைகளும் முதியவர்களும் நடக்கும் இடத்தில் வேகம் ஆபத்தும்கூட.

சாலையில் ஓட்டுபவர்களுக்கு நிலைமை வேறு. தலைக்கவசம் அங்கு கட்டாயம். குழுவாகச் செல்லும்போது ஒற்றை வரிசையில் ஐவர், இருவர் இருவராக என்றால் பத்துப் பேர் என்ற வரம்பு 2022ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் உள்ளது. இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரியவேண்டும். பழைய தலைக்கவசத்தையும் மங்கிய விளக்கையும் வைத்துக்கொண்டு கார்பன் சக்கரத்துக்குப் பணம் சேர்ப்பது முறையான வரிசை அன்று.

வேலைக்கும் அதே சைக்கிளில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். மண்காப்பும் பின்தாங்கியும் பொருத்தும் துளைகள் தொடக்கநிலை ஃபிரேம்கள் பலவற்றில் இருக்கும். பந்தய ஃபிரேம்களில் பெரும்பாலும் இருக்காது. அலுவலகம் இருக்கும் கட்டடத்தின் கீழே, திறந்த சைக்கிள் நிறுத்தத்தில் ஐயாயிரம் வெள்ளி சைக்கிளைப் பூட்டிவிட்டு மேலே போய் நிம்மதியாக வேலை பார்க்க முடியுமா என்பதும் ஒரு கேள்விதான்.

வீட்டிலும் இடம் வேண்டும். வீவக அடுக்குமாடியின் பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விடவேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீப் பாதுகாப்பு விதி. விலை உயர்ந்த சைக்கிளை வெளியே விட மனம் வராது. வரவேற்பறையிலா, படுக்கையறையிலா என்பதை வீட்டில் உள்ளவர்களுடன் பேசித்தான் முடிவுசெய்யவேண்டும். பழையதையும் வைத்துக்கொள்ள நினைத்தால் இரண்டுக்கு இடம் தேவை.

மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள்

பின்வருவனவற்றில் ஒன்றாவது பொருந்தினால் புதிய சைக்கிளைப் பற்றி யோசிக்கலாம்.

ஃபிரேம் அளவு உங்களுக்குப் பொருந்தவில்லை. ஸ்டெம், சீட் மாற்றியும் வலி தீரவில்லை.

ஃபிரேமிலோ ஃபோர்க்கிலோ விரிசல் உள்ளது. இது தெரிந்தால் அன்றைய தினமே ஓட்டுவதை நிறுத்தவேண்டும். இதில் காத்திருப்புக்கு இடமில்லை.

பிரேக் உங்களுக்குப் போதவில்லை. மழையிலும் நீண்ட இறக்கங்களிலும் பயந்து பயந்து ஓட்டுகிறீர்கள்; ஃபிரேமில் டிஸ்க் பொருத்த வழியில்லை.

ஓட்டும் விதம் மாறிவிட்டது. வாரம் 30 கிலோமீட்டர் ஓட்டியவர் இப்போது 150, 200 கிலோமீட்டர் ஓட்டுகிறார். படகேறி பெங்கெராங் போய் ஜோகூரில் நாள் முழுவதும் ஓட்டுகிறார். கெந்திங், கேமரன் மலை ஏறத் திட்டமிடுகிறார். அல்லது போட்டிகளில் இறங்க நினைக்கிறார்.

தேய்ந்த பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றவேண்டிய கட்டம் வந்துவிட்டது. அந்தச் செலவு சைக்கிளின் மதிப்பையே தாண்டுகிறது.

காத்திருப்பதற்கான காரணங்கள்

வாரத்தில் ஒரு நாள்கூட ஒழுங்காக ஓட்டுவதில்லை. புதிய சைக்கிள் வந்தால் ஊக்கம் வரும் என்று நம்புகிறீர்கள். அந்த ஊக்கம் பெரும்பாலும் இரண்டு மாதம் நீடிக்கும். நேரமின்மை என்ற உண்மையான காரணம் அப்படியே இருக்கும்.

குழுவில் பின்தங்கிப் போகிறீர்கள். குழுவினர் 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உங்களால் 30தான் முடிகிறது என்றால், மேலே சொன்ன கணக்கின்படி உங்களுக்குத் தேவை இன்னும் 75 வாட். நல்ல டயரும் தாழ்ந்த உடல்நிலையும் சேர்ந்து 20 வாட் தரலாம். மீதி கால்களிலிருந்துதான் வரவேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் முறையாகப் பயிற்சி செய்வதும் பின்னால் ஒட்டி ஓட்டக் கற்றுக்கொள்வதும் இங்கு உதவும்.

யாரோ ஒருவர் “இன்னுமா இதையே ஓட்டுகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டார். இது காரணமே அன்று.

தவணைக் கடன் வாங்கித்தான் வாங்க முடியும். உடல்நலத்துக்காகத் தொடங்கிய பழக்கம் மாதாமாதம் மனஉளைச்சல் தருவதாக மாறக்கூடாது.

ஒரு எளிய கணக்கு

விலையை ஓட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 4,000 வெள்ளி சைக்கிளை ஐந்து ஆண்டு வைத்திருந்து, ஆண்டுக்கு 50 முறை ஓட்டினால் மொத்தம் 250 ஓட்டம். ஒரு ஓட்டத்துக்கு 16 வெள்ளி. மாதம் இருமுறை மட்டும் ஓட்டினால் 120 ஓட்டம். ஒன்றுக்கு 33 வெள்ளி. இதில் பராமரிப்புச் செலவு சேரவில்லை. 12 பல்சக்கரச் செயினும் பற்களும் 8 பல்சக்கரத்துக்கானவற்றைவிட விலை கூடியவை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். உங்கள் கையில் இருக்கும் சைக்கிளுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ஓட்டிய ஓட்டங்களால் அது எவ்வளவு மலிவாகிவிட்டது என்பது தெரியும்.

வாங்கிவிட்டு வீட்டில் பாதி விலையைச் சொல்வது சைக்கிளோட்டிகளிடையே பழைய நகைச்சுவை. நகைச்சுவையாகவே இருக்கட்டும். முழு விலையையும் வாழ்க்கைத்துணையிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால், அந்தத் தயக்கமே பதிலாக இருக்கலாம்.

வாங்குவது என்று முடிவானால்

உச்சநிலையை எட்டவேண்டியதில்லை. ஷிமானோ 105 அளவுக்கு மேல் போகப் போக, கூடுதல் விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில நூறு கிராம் எடைக்குறைப்புதான். ஃபிரேம் நன்றாகப் பொருந்துகிறதா, குறைந்தது 32 மில்லிமீட்டர் டயருக்கு இடமிருக்கிறதா, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ளதா என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். கேபிள்கள் எல்லாம் ஃபிரேமுக்குள்ளும் ஹேண்டிலுக்குள்ளும் மறைந்திருந்தால் பார்க்க அழகு. ஆனால் ஒரு பேரிங்கை மாற்றக்கூட அதிக நேரமும் கூலியும் ஆகும்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். கடையைச் சுற்றி ஐந்து நிமிடம் போதாது. முடிந்தால் உங்கள் உயரமுள்ள நண்பரின் சைக்கிளை ஒரு காலை இரவல் வாங்கி, நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில், வழக்கமான உழைப்பில் ஓட்டுங்கள். எடுத்த நேரத்தைவிட, முடித்த பிறகு உடல் எப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கேரோசல் போன்ற இணையச் சந்தைகளில் அதிகம் ஓட்டப்படாத சைக்கிள்கள் நல்ல விலைக்கு வருவதுண்டு. ஆர்வத்தில் வாங்கிவிட்டு ஓட்டாமல் விட்டவர்களுடையவை அவை. வாங்கும் முன் வரிசை எண், அசல் ரசீது ஆகியவற்றைக் கேளுங்கள். கார்பன் ஃபிரேம் என்றால் வெளிச்சத்தில் ஒவ்வோர் அங்குலமாகப் பார்க்கவேண்டும். பெடல்தண்டுப் பகுதி, ஃபோர்க்கின் மேற்பகுதி, சீட் தண்டைப் பிடிக்கும் இடம் ஆகியவற்றில் கீறலா விரிசலா என்ற ஐயம் எழுந்தால் விட்டுவிடுங்கள். பழுதுபார்ப்பவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது இன்னும் நல்லது. பழைய உரிமையாளரின் உத்தரவாதம் உங்களுக்குத் தொடருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே அதைத் தருகின்றன.

இன்னும் தீர்மானிக்க முடியவில்லையா? மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய சைக்கிளை முழுமையாகப் பராமரித்து, நல்ல டயர் போட்டு, சீட் உயரத்தைச் சரிசெய்து, வாரம் இருமுறையாவது ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் திரும்பியதும் தொந்தரவு கொடுத்தது என்ன என்பதை ஒரு வரியில் எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். “கை மரத்தது”, “மழையில் பிரேக் பிடிக்கவில்லை” என்று மீண்டும் மீண்டும் வந்திருந்தால், எப்படிப்பட்ட சைக்கிள் தேவை என்று அந்தப் பட்டியலே சொல்லும். “மூச்சு வாங்கியது”, “நேரம் கிடைக்கவில்லை” என்றே நிறைந்திருந்தால், நாலாயிரம் வெள்ளி வங்கியிலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்தால் போதும்.